480 ஒலித்துண்டுகளும் ஒரு நாற்காலிச் சத்தமும்: சாலமாண்டர் பியானோவை வாசித்துப் பார்த்தேன்

பியானோவுக்குச் சுருதி கூட்டுவது என் தொழில். 22 வருடமாகச் செய்கிறேன். அதனால் கணினிக்குள் இருக்கும் பியானோ என்றாலே எனக்குக் கொஞ்சம் இளக்காரம்தான். தந்தி கிடையாது, சுத்தியல் கிடையாது, ஈரக்காற்றில் உப்பிக்கொள்ள மரத்துண்டுகூடக் கிடையாது. அதெல்லாம் என்ன பியானோ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நானே ஒன்றைச் செய்து எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்கிறேன் பேர்வழி என்று கிளம்பி, மூக்குடைபட்ட பிறகுதான் வாய் அடங்கியது.

அடங்கிய வாயோடு எழுதும் விமர்சனம் இது. எடுத்துக்கொண்டது சாலமாண்டர் கிராண்ட் பியானோ. அலெக்சாண்டர் ஹோல்ம் என்பவர் ஒரு யமஹா சி5 பியானோவைச் சுரம் சுரமாகப் பதிவுசெய்து, காசு வாங்காமல் கொடுத்துவிட்ட ஒலித்தொகுப்பு. இதை எனக்குக் காட்டியவன் அண்ணன் மகன். "அத்தை, நீங்க செஞ்சதும் நல்லாத்தான் இருக்கு. இதையும் ஒரு தடவை வாசிச்சுப் பாருங்களேன்" என்றான். அந்த 'நல்லாத்தான்' கொஞ்சம் நீளமாக வந்தது. புரிந்துவிட்டது.

சாம்பிள் பியானோ என்பதில் மர்மம் எதுவும் இல்லை. உண்மையான பியானோவின் முன் மைக் வைத்து ஒவ்வொரு சுரமாகத் தட்டி, அது அடங்கும்வரை பதிவுசெய்து, வெட்டி, பெயர் வைத்து அடுக்குவார்கள். கீபோர்டில் நீங்கள் விரல் வைத்ததும் அந்தச் சுரத்துக்கான கோப்பு ஓடும். அவ்வளவுதான். சிக்கல் எங்கே என்றால், ஒரே கட்டையை மெல்லத் தொட்டால் ஒரு குரல், ஓங்கி அடித்தால் வேறு குரல். சத்தம் கூடுவது மட்டுமல்ல, குரலே மாறுகிறது. சுத்தியலின் முகப்பில் இருக்கும் கம்பளித் திண்டு வேகமாகப் போய் மோதும்போது இறுகிக்கொள்ளும். இறுகிய திண்டு தந்தியில் மேல் அதிர்வுகளை அதிகமாகக் கிளப்பும். ஒலி பளிச்சென்று வரும். மெல்லத் தட்டிப் பதிந்ததை வால்யூம் கூட்டி, ஓங்கி அடித்ததுபோல் காட்ட முடியாது. தூங்குகிறவன் மூச்சை ஒலிபெருக்கியில் போட்டால் அது கூப்பாடு ஆகிவிடுமா? அதனால் ஒரே சுரத்தைப் பல அழுத்தங்களில் பதிவுசெய்ய வேண்டியிருக்கிறது. இதைத்தான் லேயர் என்கிறார்கள்.

சாலமாண்டரில் லேயர்கள் 16. எல்லாக் கட்டைகளையும் பதிவுசெய்யவில்லை. கீழ்க்கடைசிக் கட்டையான ஏ என்ற சுரத்தில் தொடங்கி மூன்று கட்டைக்கு ஒன்றாக 30 சுரங்கள். 30 தடவை 16, ஆக 480 கோப்புகள். இதற்கு மேல், விரலை எடுக்கும்போது வரும் சத்தம் 88 கட்டைக்கும் தனித்தனியாக. கையை எடுத்த பிறகும் பெட்டிக்குள் மிச்சமாக முனகும் தந்தி அதிர்வு தனியாக. பெடலை மிதிக்கும் சத்தம், விடும் சத்தம். மைக்குகள் ஏகேஜி சி414 இரண்டு, தந்திக்கு மேல் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் உயரத்தில். பதிவின் தரம் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். படிப்பதற்கு நாலு வரிதான். ஆனால் 16 லேயர் என்பதைப் படித்ததும் நான் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டேன். நான் செய்தது 5.

அந்த ஐந்துக்கே நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். என் வீட்டில் இருப்பது நின்ற வகைப் பியானோ. 88 கட்டையையும் பதிவுசெய்வேன் என்று ஆரம்பித்து, 11ஆவது கட்டையில் புத்தி வந்து, நானும் மூன்றுக்கு ஒன்று என்று இறங்கிவிட்டேன். இரவு பதினொன்றுக்கு மேல்தான் வேலை. ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்க வேண்டும், மின்விசிறியை நிறுத்த வேண்டும், சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்ற வேண்டும். கீழ்க்கட்டைகளின் தந்தி அரை நிமிடத்துக்கும் மேல் ஒலித்துக்கொண்டே இருக்கும். அதுவரை கையை அசைக்கக் கூடாது, பெருமூச்சு விடக் கூடாது. கடைசி ஐந்து விநாடியில் தெருவில் ஒரு மோட்டார்சைக்கிள் போகும். மறுபடியும் முதலிலிருந்து.

அதைவிடக் கஷ்டம், 30 சுரத்தையும் ஒரே அழுத்தத்தில் தட்டுவது. மனித விரலுக்கு அது வராது. என் விரல் தினமும் பியானோவைத் தட்டிக்கொண்டே இருக்கும் விரல்; அதற்கும் வரவில்லை. ஒவ்வொரு சுரத்தையும் ஏழெட்டு முறை தட்டிப் பதிந்து, பிறகு கணினியில் முள் எங்கே போகிறது என்று பார்த்து, பொருந்துவதைப் பொறுக்கினேன். அரிசியில் கல் பொறுக்குகிற வேலைதான், கல் எது அரிசி எது என்று மட்டும் கண்ணுக்குத் தெரியாது. ஐந்து படிக்கு இது. அதே வேலையை 16 படிக்குச் செய்து முடித்திருக்கிறார் ஒருவர். படிகளுக்கு நடுவே இருக்கும் வித்தியாசம் குறையக் குறையப் பொறுக்குவது இன்னும் கடினம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, ஒலிக்கு வருவோம்.

புதுப் பியானோ எதைப் பார்த்தாலும் முதலில் நான் தட்டுவது கீழ்க்கடைசி ஏ. 27.5 ஹெர்ட்ஸ். அந்த ஆழத்தில் காது அடிச்சுரத்தைக் கேட்பதைவிட அதன் மேல் அதிர்வுகளைத்தான் அதிகம் கேட்கிறது. செம்பு சுற்றிய ஒற்றைத் தந்தி அது. நல்ல பியானோவில் முதலில் ஒரு உறுமல், அப்புறம் அந்த உறுமலுக்குள் பல நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து மறையும். விலை குறைந்த கீபோர்டுகளில் இந்த இடத்தில் ஒரு தந்திரம் செய்வார்கள்: நினைவகத்தை மிச்சப்படுத்த, இரண்டு மூன்று விநாடிக்குப் பிறகு ஒரு சின்னத் துண்டை மட்டும் திரும்பத் திரும்பச் சுற்றவிட்டு வால்யூமைக் குறைத்துக்கொண்டே போவார்கள். கவனித்துக் கேட்டால் சக்கரம் சுற்றுவது தெரியும். சாலமாண்டரில் சக்கரம் இல்லை. அந்த உறுமல் தானாகவே தேய்ந்து அடங்குகிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். தந்தியின் கீழ்முனை எந்தப் பக்கம் என்றுகூடச் சொல்லிவிடலாம் போல இருந்தது.

அடுத்து, நடுவில் இருக்கும் சி-யை எடுத்து, மிகமிக மெல்லத் தொடங்கி, ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தம் கூட்டி நாற்பது ஐம்பது முறை தட்டினேன். லேயர் குறைவான தொகுப்புகளில் இப்படித் தட்டும்போது ஒரு இடத்தில் குரல் திடீரென்று மாறும். மாடிப்படி ஏறும்போது ஒரு படி மட்டும் உயரமாக இருந்தால் கால் இடறுமே, அப்படி. என்னுடையதில் இரண்டாவது லேயருக்கும் மூன்றாவதுக்கும் நடுவே அந்த இடறல் உண்டு. கீபோர்டும் கணினியும் பேசிக்கொள்ளும் மொழியான மிடியில் அழுத்தம் 1 முதல் 127 வரை எண்ணாக வருகிறது. 16 லேயர் என்றால் ஏறக்குறைய எட்டு எண்ணுக்கு ஒரு கோப்பு. அந்த எட்டுக்குள் வால்யூமை மட்டும் மாற்றிச் சமாளித்துவிடலாம், காது கண்டுகொள்ளாது. நாற்பது ஐம்பது தட்டிலும் இடறல் எதையும் என்னால் பிடிக்க முடியவில்லை.

மூன்றாவது சோதனை எனக்குப் பிடித்தது: கீழ்ப்பக்கம் ஒரு கட்டையைத் தட்டிய வேகத்திலேயே கையை எடுப்பது. உண்மையான பியானோவில் டாம்பர், அதாவது தந்தியை அடக்கும் கம்பளித் திண்டு, வந்து தந்தியின்மேல் உட்காரும். தடித்த தந்தி உடனே அடங்காது, 'ம்ப்' என்று ஒரு சின்ன மறுப்பு தெரிவித்துவிட்டுத்தான் அடங்கும். கட்டை திரும்பி வந்து நிற்கும் மரச்சத்தம் வேறு. இவை இல்லாத சாம்பிள் பியானோ, கதவை மூடினால் சத்தமே வராத வீடுபோல. எங்கேயோ தப்பு என்று தெரியும், எங்கே என்று தெரியாது. சாலமாண்டரில் அந்த 'ம்ப்' இருக்கிறது. நீண்ட நேரம் பிடித்துவிட்டுக் கையை எடுத்தால் அது சின்னதாகவும் வருகிறது, ஏனென்றால் அதற்குள் தந்தியில் அதிர்வு குறைந்திருக்கும். அதே போல மேல்கடைசி ஒன்றரை ஆக்டேவுக்கு, ஏறக்குறைய 18 கட்டைகளுக்கு, டாம்பரே கிடையாது என்பது பியானோவைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தத் தந்திகள் அத்தனை குட்டை, தானாகவே சீக்கிரம் அடங்கிவிடும். கையை எடுத்தாலும் அங்கே ஒலி தொடர வேண்டும். இங்கே தொடர்கிறது. இதை மறந்துவிட்ட தொகுப்புகள் உண்டு, என்னுடைய முதல் பதிப்பு உட்பட. பியானோவுக்குள்ளேயே குடித்தனம் நடத்துகிற எனக்கே மறந்துபோயிற்று என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி என் காதுக்கு ஒத்துவராதவை. மூன்று கட்டைக்கு ஒரு பதிவு என்றேன் அல்லவா, நடுவில் விட்டுப்போன கட்டைகளுக்கு பக்கத்துச் சுரத்தையே கொஞ்சம் வேகப்படுத்தியோ மெதுவாக்கியோ கொடுக்கிறார்கள். ஒரு அரைச்சுரத்துக்கு, அதாவது அடுத்த கட்டைக்கு, ஏறக்குறைய 6 சதவீத வேக மாற்றம். பெரும்பாலான காதுகளுக்கு இது தெரியவே தெரியாது. ஆனால் நடுப்பகுதியில் ஒரு கட்டைக்கு மூன்று தந்திகள். அந்த மூன்றையும் ஒன்றாகச் சேர்ப்பதுதான் என் பிழைப்பு. எவ்வளவு நன்றாகச் சேர்த்தாலும் அவற்றுக்குள் மிக மெல்லிய ஒரு அலை மிஞ்சும், ஒவ்வொரு கட்டைக்கும் அது வேறு மாதிரி. கைரேகைபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று கட்டைக்கு ஒரே பதிவு என்றால் மூன்றுக்கும் ஒரே ரேகை. ஒன்றில் கொஞ்சம் வேகமாக, இன்னொன்றில் கொஞ்சம் மெதுவாக. அரைச்சுரம் அரைச்சுரமாக ஏறிப் போனால் எனக்கு அது மும்மூன்றாகக் கேட்கிறது. பாட்டு வாசிக்கும்போது கேட்பதில்லை. இது சாலமாண்டரின் குறை என்பதைவிட இந்த முறைக்கே உரிய குறை. 88 கட்டை தடவை 16 லேயர் என்றால் 1,408 கோப்புகள். அதைக் கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.

மைக் தந்திக்கு ரொம்பப் பக்கம் என்பதும் ரசனையைப் பொறுத்தது. ஹெட்ஃபோனில் கேட்டால் பியானோவுக்குள் தலையை விட்டதுபோல இருக்கும், இடதும் வலதும் அகலமாக விரியும். எனக்கு அது பழகிய இடம், வருடக்கணக்காகத் தலையை விட்டுக்கொண்டுதானே இருக்கிறேன். ஆனால் எட்ட உட்கார்ந்து கச்சேரி கேட்கிற உணர்வு வேண்டும் என்பவர்கள் எதிரொலியைத் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று: இடைவெளி விட்டு வைத்த இரண்டு மைக்கின் பதிவை ஒற்றைச் சேனலாகக் குறுக்கினால் சில அதிர்வுகள் ஒன்றையொன்று தின்றுவிடும், ஒலி வற்றிப்போகும். ஒற்றை ஸ்பீக்கரில் கேட்பவர்கள் இரண்டையும் கலக்காமல் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது. பெடலை மிதித்திருக்கும்போது மற்ற எல்லாத் தந்திகளும் சேர்ந்து கிளப்பும் அந்த மூட்டம், பெடல் போட்டுத் தனியாகப் பதிவுசெய்தால்தான் வரும். அப்படிப்பட்ட பதிவு இதில் இல்லை. அடுக்கடுக்காகப் பெடல் போட்டு வாசிக்கிற மெதுவான பாடல்களில் அது இல்லாதது தெரிகிறது.

இதெல்லாம் காதுக்கு. என்னைக் கவிழ்த்தது வேறு.

இந்தத் தொகுப்பு எஸ்எஃப்இசட் என்ற வடிவத்தில் வருகிறது. ஒலிக்கோப்புகள் ஒரு பக்கம், எந்தக் கோப்பு எந்தக் கட்டைக்கு, எந்த அழுத்தத்துக்கு என்று சொல்லும் கோப்பு இன்னொரு பக்கம். இந்த இரண்டாவது கோப்பு வெறும் எழுத்துதான். நோட்பேடில் திறந்து படிக்கலாம். திறந்தேன். இந்தச் சுரம், கீழ் எல்லை இந்தக் கட்டை, மேல் எல்லை இந்தக் கட்டை, அழுத்தம் இங்கிருந்து இதுவரை என்று வரி வரியாக. டாம்பர் இல்லாத மேல்கட்டைகளுக்கு என்று ஒரு பகுதி தனியாகப் பிரித்து, கையை எடுத்த பிறகு ஒலி அடங்க அதிக நேரம் கொடுத்திருக்கிறது. எனக்கு நிரல் எழுதத் தெரியாது. ஆனால் அந்த இடத்தைப் படித்தபோது, இவர் பியானோவைத் திறந்து உள்ளே பார்த்திருக்கிறார் என்று தெரிந்தது. என் முதல் பதிப்பில் மறந்ததை இங்கே பார்த்துத்தான் திருத்தினேன். ஒரு எண்ணை மாற்றினால் போதுமாக இருந்தது.

கோப்புகளின் பெயரும் அப்படித்தான்: சுரம், ஆக்டேவ் எண், லேயர் எண். வேறு எதுவும் இல்லை. நான் வைத்திருந்த பெயர்களைச் சொன்னால் சிரிப்பீர்கள். 'புதுசு2', 'சி நல்லது', 'சி இதைவிட நல்லது'. அண்ணன் மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து மாற்றிக் கொடுத்தான். பெயரில் ஒரே ஒரு எச்சரிக்கை: சாலமாண்டரின் கோப்புப் பெயர்களில், அரைச்சுரம் மேலே என்பதைக் காட்டும் ஷார்ப் குறி (#) வருகிறது. கணினியில் அதனால் தொல்லையில்லை. இணைய முகவரியில் அந்தக் குறிக்கு வேறு அர்த்தம் என்பதால் உலாவிக்குள் ஓடும் பியானோ செய்பவர்கள் பெயரை மாற்றியாக வேண்டும். டோன் ஜேஎஸ் என்ற நிரல்தொகுப்போடு வரும் சாலமாண்டர் கோப்புகளில் ஷார்ப்புக்குப் பதில் எஸ் என்ற எழுத்து இருப்பது இதனால்தான். உலாவியில் ஓடும் இசைப் பக்கங்களில் நீங்கள் கேட்ட பியானோ பல சமயம் இதுவாகவே இருந்திருக்கும், பெயர் தெரியாமலே.

அப்படி எல்லா இடத்துக்கும் அது போனதற்கு ஒலி மட்டும் காரணம் இல்லை, உரிமமும் காரணம். முதலில் கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய் உரிமம்: என்ன வேண்டுமானாலும் செய்துகொள், பெயரை மட்டும் குறிப்பிடு. 2022இல் அதையும் விட்டுவிட்டு எல்லோருக்கும் பொதுச்சொத்து ஆக்கிவிட்டார். அதனால் வேறு பலர் இதை எடுத்து, சுருதியைத் திருத்தி, அளவைச் சுருக்கி, வேறு வடிவங்களுக்கு மாற்றி வெளியிட முடிந்தது.

உரிமம் என்பது ஏதோ வக்கீல் சமாசாரம் என்று நான் நினைத்திருந்தேன். ஒரு இலவசப் பியானோவை முன்பு இறக்கிப் பயன்படுத்தினேன், பெயர் வேண்டாம். ஒலி பிரமாதம். கூடவே 'வணிகப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று ஒரு வரி. அப்படியானால் இதில் வாசித்த பாட்டை விற்கலாமா? கட்டணம் வாங்கும் வகுப்பில் வாசித்துக் காட்டலாமா? செய்தவருக்கு எழுதிக் கேட்டேன், பதில் இல்லை. அழித்துவிட்டேன். இன்னொன்று இன்னும் மோசம்: சொந்தமாகப் பதிவுசெய்த பியானோ என்று சொல்லிக் கொடுத்தது, கடைசியில் ஒரு டிஜிட்டல் பியானோவுக்குள் இருக்கும் ஒலியை வயர் போட்டு எடுத்தது என்று தெரியவந்தது. கட்டையைத் தட்டியது நம் விரல் என்பதால் அந்த ஒலிப்பதிவு நம்முடையது ஆகிவிடாது, அது அந்த நிறுவனம் பதிந்தது. அடுத்தவன் வீட்டுச் சாப்பாட்டை நம் தட்டில் போட்டு விருந்து வைத்த கதை. இலவசமாகக் கொடுக்க நினைப்பவர்கள் கம்பியும் மரமும் உள்ள பியானோவிலிருந்து தொடங்குங்கள், அல்லது எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

ஒப்பிட இன்னொன்றையும் பார்த்தேன். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் 1997 முதல் பல வாத்தியங்களின் தனிச்சுரப் பதிவுகளை எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் கொடுத்துவருகிறது. அதில் ஸ்டெயின்வே பியானோவும் உண்டு, மெல்ல, நடுத்தரம், பலமாக என்று மூன்று அழுத்தங்களில். அது சமைக்காத காய்கறி. வெட்டி, அடுக்கி, கட்டைக்குப் பொருத்திக்கொள்வது உங்கள் பாடு. கற்றுக்கொள்ள நல்ல இடம். உட்கார்ந்ததும் வாசிக்க வேண்டும் என்றால் சாலமாண்டர்தான்.

இறக்குபவர்களுக்கு இரண்டு வார்த்தை. 24 பிட் பதிப்பு ரொம்பப் பெரியது. பழைய கணினி என்றால் 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் பதிப்பை எடுங்கள். இரண்டையும் கண்ணை மூடிக் கேட்டு என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஓட்டுவதற்கு ஸ்ஃபோர்சாண்டோ என்ற இலவசப் பிளேயர் போதும். வாசித்ததும் 'என்ன இவ்வளவு மந்தமாக இருக்கிறது' என்றோ 'கத்துகிறது' என்றோ தோன்றினால் பியானோவைக் குறை சொல்லாதீர்கள். உங்கள் கீபோர்டு அனுப்பும் அழுத்த எண்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். பல கீபோர்டுகளில் எவ்வளவு அடித்தாலும் 110ஐத் தாண்டாது, அப்படியானால் மேல் இரண்டு லேயரை நீங்கள் கேட்கவே போவதில்லை. கீபோர்டின் தொடு அமைப்பை மாற்றிப் பாருங்கள். நான் ஒரு வாரம் மந்தம் மந்தம் என்று புலம்பிவிட்டுத்தான் இதைக் கண்டுபிடித்தேன்.

என் பியானோ என்ன ஆனது என்று கேட்பவர்களுக்காக மிச்சக் கதை.

முதல் பதிப்பில் மூன்று பெரிய முட்டாள்தனம் செய்திருந்தேன். ஒன்று, எல்லாக் கோப்புகளின் சத்த அளவையும் ஒரே மட்டத்துக்கு உயர்த்தியது. நார்மலைஸ் என்று ஒரு பொத்தான் இருந்தது, அழுத்தினேன். மெல்லத் தட்டியதும் ஓங்கித் தட்டியதும் ஒரே சத்தத்தில் வந்து நின்றன. "அத்தை, எல்லாத்தையும் நார்மலைஸ் பண்ணிட்டீங்களா?" என்று அண்ணன் மகன் தலையில் கை வைத்துக்கொண்டான். மூலப் பதிவுகளை அழிக்காமல் வைத்திருந்ததால் பிழைத்தேன். இரண்டு, இரைச்சல் நீக்கும் மென்பொருளை அளவுக்கு மீறிப் போட்டது. ஒற்றைச் சுரத்தில் இரைச்சல் பெரிதாகத் தெரியாது. பெடலை மிதித்துப் பத்துச் சுரம் சேர்ந்தால் பத்துக் கோப்பின் இரைச்சலும் சேர்ந்து 10 டெசிபெல் ஏறிவிடும். அதற்குப் பயந்து நீக்கினேன். சுரம் தேய்ந்து அடங்கும் இடத்தில் தண்ணீருக்குள் மணி அடித்ததுபோல ஒரு குளறல் வந்தது. இரைச்சலே தேவலை என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவதை நான் கண்டுபிடிக்கவில்லை. வெளியிட்டு மூன்று வாரம் கழித்து, முன்பின் தெரியாத ஒருவர் எழுதியிருந்தார். பியானோ அருமை, மிக்க நன்றி, ஆனால் எஃப் ஷார்ப் 3-ஐப் பலமாக அடித்தால் இரண்டு விநாடி கழித்து யாரோ முனகுகிறார்கள். பக்கத்து எஃப்-இல் அதே முனகல் கொஞ்சம் தாழ்ந்த குரலில், ஜி-யில் கொஞ்சம் உயர்ந்த குரலில். ஹெட்ஃபோனை மாட்டிக் கேட்டேன். என் நாற்காலி. நாலாவது லேயரில், பதிவின்போது நான் லேசாகப் பின்னால் சாய்ந்திருக்கிறேன். ஒரு முறை கிறீச்சிட்ட நாற்காலி, மூன்று கட்டைகளில், மூன்று சுருதிகளில், யார் வாசித்தாலும், எந்த நாட்டில் வாசித்தாலும் தவறாமல் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. அதற்குள் அதை 200க்கும் மேற்பட்டவர்கள் இறக்கியிருந்தார்கள்.

அந்த ஒரு சுரத்தை மறுபடி பதிந்தால் தீர்ந்தது என்று உட்கார்ந்தேன். தீரவில்லை. முதல் பதிவுக்கும் இதற்கும் நடுவே நாலு மாதம் ஓடிவிட்டது, பியானோ தன் பாட்டுக்கு இறங்கியிருந்தது. புது எஃப் ஷார்ப் பழைய ஏ-யோடு ஒட்டவில்லை. அப்புறம், நான் இதுவரை செய்யாத ஒரு வேலையைச் செய்தேன். கணினியில் பழைய பதிவுகளை ஓடவிட்டு, அவற்றுக்கு ஒத்துவரும்படி உண்மையான பியானோவின் மூன்று தந்திகளையும் சாவி போட்டுத் திருகினேன். நிஜப் பியானோவை அதன் சொந்த நகலுக்குச் சுருதி கூட்டிக்கொண்டிருந்தேன், இரவு ஒரு மணிக்கு, ஃபிரிட்ஜைப் பிடுங்கிப் போட்டுவிட்டு.

இரண்டாம் பதிப்பில் முனகல் இல்லை. பதிவு முழுக்க நின்றுகொண்டே செய்தேன்.